தமிழில் இருதயம் கற்பித்த அமெரிக்க டாக்டர்

டாக்டர் படிப்பையும் நர்ஸ் படிப்பையும் தமிழில் படிக்க முடியுமா என்ற கேள்வி நம்மிடையே அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. முடியும் என்பாரும் முடியாது என்பாரும் மேடைகளில் மோதிக்கொள்கிறார்கள். இரு தரப்பாருமே ஒரு செய்தியை மறந்துவிடுகிறார்கள். தமிழில் மேல்நாட்டு வைத்தியம் படித்து, தேறி, ஊர்களில் தொழில் நடத்தியவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். 1864ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில் அப்படி ஒரு வகுப்பு தொடங்கியது. தொடங்கியவர் தமிழர் அல்லர். அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

இலங்கைத் தமிழர்களுக்கு இப்பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கேரளத்தில் வாழும் நமக்குத்தான் அவர் அவ்வளவு தெரிந்தவரல்லர். ஆனால் அவர் கதையில் நாகர்கோவிலும் வருகிறது, நம் திருவனந்தபுரமும் வருகிறது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

மானிப்பாய்க்கு வந்த வழி

மஸாசூஸெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊர். அங்கே கிரீன் ஹில் என்னும் பண்ணை வீட்டில் 1822 அக்டோபர் 10ஆம் தேதி பிறந்தார் கிரீன். பெரிய குடும்பம். அண்ணன் ஆண்ட்ரூ கிரீன் பிற்காலத்தில் நியூயார்க் நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவர்களுள் ஒருவராகவும், அந்த மாநகரை இன்றைய அளவுக்கு விரித்து இணைத்தவராகவும் பெயர் எடுத்தார். தம்பிக்கும் நியூயார்க்கில் வசதியாகத் தொழில் நடத்த வழி இருந்தது. அங்கேயே மருத்துவக் கல்லூரியில் படித்து 1845இல் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். எனினும் அமெரிக்க மிஷனில் சேர்ந்து கப்பல் ஏறி, 1847 அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது சுமார் 25.

அமெரிக்க மிஷன் 1816 முதலே யாழ்ப்பாணத்தில் வேரூன்றியிருந்தது. பண்டத்தரிப்பில் முதலில் வைத்தியம் பார்த்தவர் டாக்டர் ஜான் ஸ்கட்டர். வேலூர் ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் பாட்டனார் அவர்தான். ஸ்கட்டர் சென்னைக்குப் போன பின் டாக்டர் வார்டு என்பவர் பார்த்தார். அவருக்குப் பின் வந்தவர் கிரீன். வட்டுக்கோட்டையில் தொடங்கி, 1848இல் மானிப்பாய்க்கு மாறி, அங்கேயே நிலைத்துவிட்டார்.

அதே காலத்தில் திருவனந்தபுரத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் சுவையாக இருக்கிறது. சுவாதித் திருநாளின் தம்பி உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அப்போதுதான் பட்டத்துக்கு வந்திருந்தார். 1860 வரை ஆண்ட அந்த மகாராஜாவுக்கு மேல்நாட்டு வைத்தியத்தில் அளவற்ற ஈடுபாடு. உடற்கூறு படிக்க எலும்புக்கூடு வேண்டும். செத்தவர் எலும்பை அரண்மனைக்குள் வைக்க ஆசாரம் இடம் தராது. மகாராஜா என்ன செய்தார்? யானைத் தந்தத்தில் முழு எலும்புக்கூடு ஒன்றைச் செதுக்கச் சொல்லி, அதை வைத்துப் படித்தார்! மனித உடம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய அரசருக்கே அவ்வளவு தடை. சாதாரணக் குடியானவர் வீட்டுப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். அரசர் தந்தத்தைக் கொண்டு அந்தத் தடையைத் தாண்டினார். மானிப்பாயில் கிரீன் மொழியைக் கொண்டு தாண்டப் பார்த்தார்.

ஆங்கிலத்தில் தொடக்கம்

கிரீன் வந்த காலம் வைத்தியத் துறையே புரண்டுகொண்டிருந்த காலம். ஈதர் கொடுத்து மயக்கி அறுவை செய்வது 1846இலும், குளோரோபாரம் 1847இலும்தான் உலகுக்குத் தெரியவந்தன. கிருமி என்ற ஒன்று நோயை உண்டாக்குகிறது என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. யாழ்ப்பாணத்திலோ வாந்திபேதி வந்தால் வீடு வீடாக வாரிக்கொண்டு போகும். ஒரே டாக்டர் எத்தனை வீட்டுக்கு நடப்பார்? 1848லேயே சில இளைஞர்களைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் அவர்கள். பாடமும் ஆங்கிலத்தில்தான். அந்தப் பிள்ளைகளின் பெயர்களைப் படித்தால் அமெரிக்கர்களோ என்று தோன்றும். டான்போர்த், சாப்மன், எவார்ட்ஸ் என்றெல்லாம் பெயர்கள். படிப்புச் செலவைக் கொடுத்த அமெரிக்கப் புண்ணியவான்களின் பெயரை மிஷன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சூட்டுவது அன்றைய வழக்கம். ஆட்கள் அசல் யாழ்ப்பாணத் தமிழர்.

கிரீன் தாமும் தமிழ் படித்தார். பேசுவதற்கு வேண்டிய அளவோடு நிற்கவில்லை. பத்து வருஷத்துக்குள் இரண்டு புத்தகங்கள் தமிழில் வந்துவிட்டன. ஒன்று மான்செல் என்பவரின் பிரசவ வைத்திய நூல். மற்றொன்று கால்வின் கட்டர் என்ற அமெரிக்க டாக்டர் கல்லூரி, பள்ளிக்கூடம், வீடு ஆகிய மூன்றுக்கும் பொதுவாக எழுதிய உடற்கூறு, உடற்றொழில், சுகாதார நூல். இரண்டும் 1857இல் வெளிவந்தன.

கட்டர் நூல்தான் என் மனதுக்கு மிகவும் பிடித்தது. அது பெரிய டாக்டர்களுக்கான புத்தகம் அல்ல. இன்று ஹெல்த் இன்ஸ்பெக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் வகுப்புகளில் முதல் வருஷம் என்ன நடத்துகிறார்களோ அதுதான் அதில் இருக்கிறது. எலும்பு, தசை, பல், சீரண உறுப்புகள், இரத்த ஓட்டம், உடம்பு உணவை ஏற்று வளர்வது, சுவாசம் என்று வரிசையாகப் போகும். ஒவ்வோர் உறுப்பும் எப்படி அமைந்திருக்கிறது, எப்படி வேலை செய்கிறது, அதைக் கெடாமல் காப்பது எப்படி என்று மூன்று படியாகச் சொல்லும். இருதயத்தையும் உணவையும் ஒரே நூலில் தமிழ்ப் பிள்ளை படிக்கும்படி 1857இலேயே செய்துவிட்டார் கிரீன்.

ஏன் தமிழ்?

1857இல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பியவர், 1862இல் திருமணம் செய்துகொண்டு மனைவி மார்கரெட்டுடன் மீண்டும் வந்தார். வந்தபின் எடுத்த முடிவுதான் அவர் வாழ்க்கையின் முக்கியமான முடிவு. 1864இலிருந்து வைத்திய வகுப்பை முழுக்கத் தமிழில் நடத்துவது!

இதற்குக் காரணம் தமிழ்ப் பற்று என்று நம்மவர்கள் மேடையில் பேசுவதுண்டு. அவர் தமிழை நேசித்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் கணக்கு இன்னும் நடைமுறையானது. ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவன் கிராமத்தில் தங்கவில்லை. சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் போதும் என்று பட்டணத்துக்கும் தோட்டப் பகுதிக்கும் போய்விட்டான். அவனுக்குச் சம்பளம் கிடைத்தது, ஊருக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. தமிழில் கற்றவன் தன் ஊரிலேயே இருப்பான், தன் ஊராருக்குப் புரியும்படி பேசுவான் என்பது கிரீனின் நம்பிக்கை. பரம்பரை வைத்தியர்களும் புத்தகத்தைப் படித்துப் பயன் பெறலாம் என்பது கூடுதல் லாபம். கிறிஸ்தவர் ஆகிற தமிழர் தொப்பியும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர் ஆக வேண்டாம், உடையிலும் வழக்கத்திலும் தமிழராகவே இருக்கட்டும் என்று நினைத்தவர் அவர். வைத்திய வகுப்பும் அந்த எண்ணத்தின் நீட்சியே.

காற்றும் அந்தப் பக்கம் வீசியது என்பதை மறைக்கக் கூடாது. சுதேச மொழியில்தான் ஊழியம் நடக்க வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்த மிஷன் தலைமை முடிவெடுத்து, புகழ்பெற்ற வட்டுக்கோட்டை செமினரியை 1855இல் மூடியே விட்டது. இந்திய மொழியில் மேல்நாட்டு வைத்தியம் கற்பித்ததிலும் கிரீன் முதல்வர் அல்லர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1839லேயே இந்துஸ்தானி வகுப்பு வந்துவிட்டது. 1852இல் வங்காளி வகுப்பு வந்தது. அவையெல்லாம் சர்க்கார் பணத்தில், சர்க்கார் ஆள்பலத்தில் நடந்தவை. இங்கே ஒரு மனிதர் பகலில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகங்களை எழுதினார். அந்த வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது.

சொல் தேடிய கதை

மொழிபெயர்ப்புக்கு அவர் வகுத்த முறை எளியது. முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று தேடுவது. நாட்டு வைத்திய ஏடுகளில் பாதிச் சொற்கள் காத்துக் கிடந்தன. தமிழில் அகப்படாவிட்டால் வடமொழியில் பார்ப்பது. அங்கும் இல்லையானால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவது. உடற்கூற்றுக்கு ‘அங்காதிபாதம்’ என்று பெயர் வைத்தார். அது நாட்டு வைத்திய மரபில் முன்பே வழங்கிய சொல். உடம்பு நன்றாக இயங்கும் முறையைச் சொல்லும் சாஸ்திரம் ‘சுகரணம்’ ஆயிற்று. ரசாயனத்துக்கு மட்டும் ‘கெமிஸ்தம்’! இன்றைய பள்ளிப் பிள்ளை கேட்டால் சிரிப்பான். வேதியியல் என்ற சொல் நமக்குப் பழகிப்போனதால் சிரிக்கிறோம், அவ்வளவே. வழியில்லாத காட்டில் முதலில் நடந்தவரின் காலடி கோணலாகத்தான் இருக்கும்.

முன்னாள் மாணவர்களான டான்போர்த், சாப்மன் போன்றவர்கள் மொழிபெயர்ப்பில் கைகொடுத்தார்கள். கிரீன் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துத் திருத்தினார். 1867இல் ‘இரணவைத்தியம்’ வந்தது. டிரூயிட் என்பவரின் அறுவை சிகிச்சை நூல் அது. 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ என்ற இரு பெரும் நூல்கள் வந்தன. மொத்தத்தில் அவர் மேற்பார்வையில் தமிழுக்கு வந்த வைத்தியப் பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேல். இன்றைக்கு ஓர் ஆபீசும் பத்து அதிகாரிகளும் வைத்துச் செய்கிற வேலை.

‘மனுஷ அங்காதிபாத’த்துக்கு முக்கிய ஆதாரம் ஹென்றி கிரே எழுதிய உடற்கூற்று நூல். இன்றும் உலகம் முழுதும் மருத்துவ மாணவர்கள் கையிலிருக்கும் அதே புத்தகம்தான். அது லண்டனில் முதலில் வெளிவந்தது 1858இல். கிரே 34 வயதிலேயே பெரியம்மை கண்டு 1861இல் இறந்துபோனார். நூல் பிறந்த 14 ஆண்டுகளில் அதன் சாரம் தமிழில் அச்சாகிவிட்டது. மத்தியப் பிரதேச அரசு மருத்துவப் படிப்பின் முதலாண்டுக்கு உடற்கூறு உள்ளிட்ட மூன்று இந்திப் பாடநூல்களைப் போபாலில் விழா எடுத்து வெளியிட்டது 2022 அக்டோபரில். அதை நாடே புதுமை என்று பேசியது. கிரீனின் தமிழ் நூலுக்கு அப்போது வயது 150.

இருதயத்தைப் பற்றிய பாடத்தைத் தமிழில் சொல்வது என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். அவரவர் கைமுட்டி அளவுள்ள தசைப் பை. மேலே இரண்டு, கீழே இரண்டாக நான்கு அறைகள். உடம்பெங்கும் சுற்றிவந்த கெட்ட இரத்தம் வலது மேலறைக்கு வந்து, வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குப் போகிறது. அங்கே சுத்தமாகி, இடது மேலறை வழியாக இடது கீழறைக்கு வந்து, மகாநாடி வழியே உடம்பெங்கும் பாய்கிறது. உடம்பு முழுதுக்கும் தள்ள வேண்டியிருப்பதால் இடது கீழறையின் சுவர் மற்றவற்றைவிடத் தடிப்பாக இருக்கிறது. போன இரத்தம் திரும்பாதபடி நடுவே கதவுகள். வலப்பக்கக் கதவுக்கு மூன்று இதழ், இடப்பக்கக் கதவுக்கு இரண்டு இதழ். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை இந்தக் கதவுகள் திறந்து மூடுகின்றன. இவ்வளவுதான் அடிப்படை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கே இது தமிழில் படித்தால் ஒரே முறையில் பதிகிறது.

ரயில்வேயில் வேலை பார்ப்பதால் தினமும் ஒரு காட்சியைப் பார்க்கிறேன். காலையில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் வண்டியில் கையில் பெரிய கவரோடு இறங்குகிறவர்கள் பலர். மெடிக்கல் காலேஜுக்கும் ஸ்ரீசித்ராவுக்கும் பஸ் எங்கே என்று தமிழில் கேட்பார்கள். என்ன நோய் என்றால் மைட்ரல் என்று ஒரு சொல்லை மந்திரம் போல் ஒப்பிப்பார்கள். அது இருதயத்தின் இடப்பக்கத்து ஈரிதழ்க் கதவு என்பதோ, சிறு வயதில் வந்து போன தொண்டைப் புண்ணும் மூட்டுக் காய்ச்சலும் பின்னாளில் அந்தக் கதவைக் கெடுத்துவிடக் கூடும் என்பதோ அவர்களுக்குத் தெரியாது. இத்தனைக்கும் அத்தகைய நோயாளிகளுக்குப் பொருத்தும் செயற்கை வால்வை நம் பூஜப்புரையில்தான் உருவாக்கினார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தி வெற்றி கண்டது ஸ்ரீசித்ரா. பொருள் ஊரிலேயே செய்யப்படுகிறது, சொல் மட்டும் எட்டாத இடத்தில் இருக்கிறது. சாலையிலுள்ள தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு நர்ஸ் படிப்புக்குப் போகிற பெண்பிள்ளைகள் முதல் வருஷம் உடற்கூற்றுப் பாடத்தில் திண்டாடுவதற்கும் காரணம் இதுவேதான்.

உணவுப் பாடம்

கட்டர் நூலின் உணவுப் பகுதி இன்று பழசாகிவிட்டது. எப்போது சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது, எப்படி மெல்லுவது என்ற அளவில்தான் அக்கால அறிவு நின்றது. வைட்டமின் என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது. ஆகவே கிரீனுக்குத் தெரிந்திருக்க முடியாத ஒரு தொடர்பு உண்டு. உணவுக்கும் இருதயத்துக்கும் நேரடியாக உள்ள தொடர்பு அது. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியை மட்டும் தின்பவர்களுக்கு பெரிபெரி என்ற நோய் வரும். கால் வீங்கும், இருதயம் பெருத்துத் தளரும், திடீரென்று நின்றுவிடும். ஜாவாவில் டச்சு டாக்டர் எய்க்மன் கோழிகளுக்கு வெள்ளரிசி போட்டு இதன் மூலத்தைத் தொட்டார். நீலகிரிக் குன்னூரில் மெக்காரிசன் புறாக்களையும் எலிகளையும் வைத்து மேலும் துலக்கினார். அரிசியின் தவிட்டோடு போய்விடும் பி1 வைட்டமின்தான் விஷயம். புழுங்கல் அரிசிக்காரர்களான நம் தெற்கத்தியாருக்கு அந்த நோய் அவ்வளவாக வராததற்கும் காரணம் உண்டு. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பாட்டிமார் பரீட்சை எழுதாமலே பாஸ் செய்த பாடம்!

நாகர்கோவிலும் திருவனந்தபுரமும்

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். கிரீனின் ‘கெமிஸ்தம்’ 1875இல் அச்சானது நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சுக்கூடத்தில். அந்நாளில் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். ஆக, தமிழின் ஆரம்பகால ரசாயனப் பாடநூல்களில் ஒன்று திருவிதாங்கூர் மண்ணில் அச்சேறியது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தி. திருவிதாங்கூர் தர்பார் வைத்தியராக இங்கே இருந்தவர் டாக்டர் எட்வர்ட் வேரிங். கடைத்தெருவில் கிடைக்கும் நாட்டு மருந்துச் சரக்குகளை ஆராய்ந்து நூல் எழுதியவர். ஓமம், கடுக்காய், வேப்பம்பட்டை என்று நம் சாலைக் கடைத்தெருவில் இன்றும் சாக்கு சாக்காக வைத்து விற்கிறார்களே, அந்தச் சரக்குகள்தான். பின்னர் லண்டனில் இருந்துகொண்டு 1868இல் இந்தியாவுக்கான சர்க்கார் மருந்து நூலைத் தொகுத்தவரும் அவரே. அந்த நூலைத் தமிழாக்கும் வேலையைக் கிரீன் கையில் எடுத்தார். இங்கே சேர்ந்த அனுபவம் லண்டன் போய், அங்கிருந்து மானிப்பாய் வழியாகத் தமிழுக்குத் திரும்பி வந்தது.

கடைசி ஆண்டுகள்

உடல் இடம் கொடுக்காததால் 1873இல் கிரீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். அதற்குள் 62 பேரை வைத்தியராக்கியிருந்தார். அவர்களில் 33 பேர் தமிழிலேயே கற்றவர்கள். ஊருக்குப் போனபின் ஓய்வெடுக்கவில்லை. அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டே தமிழ்க் கைப்பிரதிகளைத் திருத்தினார். 1875இல் வைத்தியக் கலைச்சொல் தொகுதிகள் வந்தன. டால்டனின் உடற்றொழில் நூல் ‘மனுஷ சுகரணம்’ என்ற பெயரில் 1883இல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு 1884 மே 28ஆம் தேதி, பிறந்த அதே கிரீன் ஹில் வீட்டில் காலமானார். வேரிங்கின் மருந்து நூல் தமிழில் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. அது 1888இல்தான் வெளியாயிற்று. வூஸ்டர் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அவர் கல்லில், தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்ற குறிப்பு ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க மண்ணில் தமிழர் என்ற சொல் செதுக்கப்பட்ட கல் அந்நாளில் வேறு எத்தனை இருந்திருக்கும்?

தமிழ் வகுப்பு அவருக்குப் பின் நிலைக்கவில்லை. கொழும்பில் 1870இல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. சர்டிபிகேட்டும் உத்தியோகமும் அங்கேதான் கிடைத்தன. தமிழில் படித்தவனுக்கு அறிவு இருந்தது, அந்தஸ்து இல்லை. ஹைதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகம் உருது மொழியில் வைத்தியம் கற்பித்ததும் நிஜாம் ஆட்சி இருந்த மட்டும்தான். புத்தகம் இருந்தால் மட்டும் போதாது, அதைப் படித்தவனுக்கு வேலை கொடுக்கும் கை வேண்டும். கிரீனிடம் அந்தக் கை இல்லை. என் அபிப்பிராயத்தில் அவர் முயற்சி முடங்கியதற்கு மொழி காரணமே அல்ல, இதுதான் காரணம்.

மானிப்பாயில் அவர் பெயரால் அமைந்த ஆஸ்பத்திரி, போர்க்காலத்தையும் தாண்டி இன்றும் இருக்கிறது. அவருடைய நூல்களில் சில கம்ப்யூட்டரிலேயே படிக்கும்படி இணைய நூலகங்களில் ஏற்றப்பட்டுள்ளன. எழுத்து பழைய அச்சு. றகரமும் ணகரமும் பழைய வடிவத்தில் இருக்கும். ஐந்தாறு பக்கம் தாண்டிவிட்டால் கண் பழகிவிடும்.